ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்தா முதல்ல கெண்டைக்காலை அளந்து பாருங்கோ: திருகோணமலை ஆக்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் உவர்மலையில இருந்து தையல் வேலை செய்யுறன். இஞ்சி டேப் நாள் முழுக்க என்ட கழுத்தில தான் கிடக்கும். அப்பாக்குப் பெருங்குடல்ல கட்டி எண்டு தெரிய வாறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முதல், காற்சட்டை தொளதொளக்குது, பிடிச்சுத் தா பிள்ளை எண்டு கொண்டு வந்தவர். இடுப்பை அளந்தன், பழைய அளவு தான், 36 இஞ்சி. துடைப் பக்கம் மட்டும் ரெண்டு இஞ்சி பிடிக்க வேண்டி வந்தது. பிடிச்சுத் தைச்சுக் குடுத்தன், அதோட மறந்து போனன். வயிறு அப்படியே இருக்க கால் மட்டும் சூம்பினா அது என்னத்தைச் சொல்லுது எண்டு எனக்கு அப்ப விளங்கேல்ல.

ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சது, கட்டியை முழுசா எடுத்தாச்சு எண்டு தான் சேர்ஜன் சொன்னவர். கஷ்டம் பிறகு தான் வந்தது. மனுசனுக்கு இருமிச் சளியைத் துப்பப் பலம் இல்ல, நிமோனியா பிடிச்சிட்டுது, காயம் ஆறேல்ல, மலம் வெளியில வாறதுக்கு வயித்தில ஒட்டின பையோட 26 நாள் வாட்டில கிடந்தவர். ஒரு நாள் உடம்புப் பயிற்சி குடுக்கிற ஃபிசியோ பிள்ளை ஒராள் வந்து அப்பாட கெண்டைக்காலை ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சுப் பாத்திட்டு, "ஐயாக்கு சதை இதுக்கு முதலே போயிருக்கு அக்கா, ஒப்பரேஷனுக்கு முதல் ஆரும் பாக்கேல்லயா" எண்டு கேட்டா. ஒருத்தரும் பாக்கேல்ல. நாங்களும் பாக்கேல்ல.

ஏழு மாசத்துக்குப் பிறகு பையை எடுத்துக் குடலைத் திருப்பிப் பொருத்துற ரெண்டாவது ஒப்பரேஷன். அதுக்கு முதல் ஆறு கிழமை நாங்க தயார்ப்படுத்தினம். ஆறாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டாங்க. ரெண்டாவது சின்ன ஒப்பரேஷன் தான், அதால எல்லாத்தையும் எங்கட தயாரிப்பால தான் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா இருமின சத்தமே வேற. அந்த ஆறு கிழமையில என்ன செய்தம், என்ன கொப்பி கொண்டு போனம், என்ன பிழை விட்டம் எண்டதைத் தான் கீழ எழுதுறன். நான் டொக்டர் இல்ல, உங்கட ஆளுக்கு எது சரி எண்டதை உங்கட டொக்டர் தான் சொல்ல வேணும்.

1. முதல்ல என்னத்தைப் பாக்கிறம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ

ஒப்பரேஷன் எண்டது உடம்புக்கு ஒரு பெரிய அடி. காயத்தை ஆத்தவும் கிருமியோட சண்டை பிடிக்கவும் உடம்புக்குப் புரதம் வேணும், அந்த நேரம் வாயால சாப்பிட ஏலாது, அப்ப உடம்பு தன்ட சதையை உடைச்சுத் தான் அந்தப் புரதத்தை எடுக்குது. வங்கியில காசு இருந்தா எடுக்கலாம், இல்லாட்டி எங்க போறது? சதை கைகாலை அசைக்க மட்டும் இல்ல. நெஞ்சை விரிச்சு மூச்செடுக்கிறது, சளியை இருமித் தள்ளுறது, சீனியை உறிஞ்சி எடுக்கிறது எல்லாம் சதை தான். வயசு போறதாலயும் வருத்தத்தாலயும் சதையும் பலமும் குறையிறதைச் சார்கோபீனியா எண்டு சொல்லுறவை, 1989 இல வச்ச பேர்.

குடல், இரைப்பை, ஈரல், கணையம் எண்டு கன விதமான ஒப்பரேஷன்கள்ல பாத்திருக்கினம், முதலே சதை குறைஞ்ச ஆக்களுக்குப் பிறகு கிருமி பிடிக்கிறது கூட, ஆஸ்பத்திரியில கிடக்கிற நாள் கூட, இறப்பும் கூட. கீமோ எண்ட புற்றுநோய் மருந்து குடுத்தா அதின்ட பாதிப்பையும் அவை தாங்குறது குறைவு. இதைத் தலையெழுத்து எண்டு எடுக்க வேண்டாம். மழை வரப்போகுது எண்டு முதலே தெரிஞ்சா குடை எடுக்கலாம் தானே, அப்படிப் பாருங்கோ.

எல்லாரும் மாட்டுப்படுற இடம் தராசு. நிறை குறையேல்ல, வயிறு இருக்கு, அப்ப ஆள் நல்லா தான் இருக்கிறார் எண்டு நினைப்பம். சதை போன இடத்தில கொழுப்பு வந்து நிண்டா தராசு ஒண்டும் காட்டாது. மெலிஞ்ச ஆக்களை விட இப்படி உடம்பு வச்ச ஆக்கள்ல தான் இது கவனிக்கப்படாம போகுது.

2. வீட்டில அளவுங்கோ, அரை மணித்தியாலம் போதும்

தேவையான சாமான்: தையல் டேப், கை பிடி இல்லாத ஒரு கதிரை, நேரம் பாக்க ஒரு ஃபோன், எழுத ஒரு கொப்பி. காலமையில செய்யுங்கோ, பின்னேரம் கால் வீங்கி இருக்கும்.

கெண்டைக்கால்: ஆளைக் கதிரையில இருத்தி, பாதம் நிலத்தில முழுசாப் பட, முழங்கால் செங்குத்தா இருக்க, கெண்டைக்கால் ஆகப் பருத்த இடத்தில டேப்பைச் சுத்துங்கோ. இறுக்கக் கூடாது. தையல்காரி எண்ட முறையில ஒண்டு சொல்லுறன், டேப் தோலைத் தொடவேணும், தோல் பள்ளம் விழக் கூடாது, மேலயும் கீழயும் கொஞ்சம் நகத்திப் பாத்து ஆகக் கூடின அளவை எழுதுங்கோ, ரெண்டு காலையும் அளவுங்கோ. ஆசிய ஆக்களுக்கு எண்டு 2019 இல வச்ச கணக்குப்படி ஆம்பிளையளுக்கு 34 சென்ரிமீற்றருக்குக் கீழ, பொம்பிளையளுக்கு 33 க்குக் கீழ இருந்தா யோசிக்க வேணும். அப்பாக்கு முதல் ஒப்பரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த கிழமை 29.5. டேப் அவ்வளவு கிட்ட வந்து முட்டினதைப் பாத்து எனக்குக் கை நடுங்கினது.

டேப் இல்லாட்டி விரல். அந்த ஆளே தன்ட ரெண்டு பெருவிரலையும் ரெண்டு சுட்டுவிரலையும் சேத்து வளையமாக்கி கெண்டைக்காலைச் சுத்திப் பிடிக்க வேணும். விரல் முட்டாட்டி நல்லம். முட்டி, உள்ளுக்க இடைவெளியும் தெரிஞ்சா நல்லதில்ல. மற்றவையின்ட கையால பிடிச்சா கணக்குப் பிழைக்கும், அவரவர் கை தான்.

கதிரையால எழும்புறது: கதிரையைச் சுவரோட அணைச்சு வையுங்கோ. பிளாஸ்டிக் கதிரை மாபிள் நிலத்தில வழுக்கும், அப்பா ஒருக்கா விழப் பாத்தவர், அதால பலகைக் கதிரை தான் நல்லம். கை ரெண்டையும் நெஞ்சில கட்டிக்கொண்டு ஐஞ்சு தரம் முழுசா எழும்பி இருக்க வேணும். 12 செக்கனோ அதுக்கு மேலயோ எடுத்தா பலம் குறைவு. பக்கத்தில ஒராள் நிக்க வேணும்.

நடை: 6 மீற்றரை டேப்பால அளந்து ரெண்டு பக்கமும் கோடு போட்டு, வழமையா நடக்கிற வேகத்தில நடக்கச் சொல்லுங்கோ. 6 செக்கனை விடக் கூட எடுத்தா எழுதி வையுங்கோ. பாக்க வேணும் எண்டு ஆக்கள் அவசரப்பட்டு நடப்பினம், ரெண்டு மூண்டு தரம் செய்தா உண்மை தெரியும்.

ஐஞ்சு கேள்வியும் கேளுங்கோ. நாலரை ஐஞ்சு கிலோ அரிசிப் பையைத் தூக்கக் கஷ்டமோ, அறைக்குள்ள இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கம் நடக்கக் கஷ்டமோ, கட்டிலால கதிரையால எழும்பக் கஷ்டமோ, பத்துப் படி ஏறக் கஷ்டமோ, போன ஒரு வருசத்தில எத்தின தரம் விழுந்தது. கஷ்டம் இல்லாட்டி 0, கொஞ்சம் எண்டா 1, சரியான கஷ்டம் அல்லது ஏலவே ஏலாது எண்டா 2. விழுறதுக்கு, விழேல்ல எண்டா 0, மூண்டு தரம் வரைக்கும் 1, நாலும் மேலயும் 2. மொத்தம் 4 அல்லது மேல வந்தா டொக்டரிட்டச் சொல்லுற அளவுக்கு இருக்கு எண்டு அர்த்தம்.

கடைசியா நிறை. ஆறு மாசத்துக்கு முதல் என்ன நிறை, இப்ப என்ன நிறை. அப்பா 68 இருந்தவர், 61 ஆனவர், ஏழு கிலோ. நூற்றுக்குப் பத்துக்கு மேல போயிருக்கு. மெலியவேணும் எண்டு செய்யாம இப்படிப் போனா அது சின்ன விசயம் இல்ல. பழைய நிறை தெரியாட்டி கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கோ, எங்கயாவது எழுதிக் கிடக்கும்.

பிடிபலம் எண்டு ஒண்டும் இருக்கு, கையால அமத்துற மெசினால பாக்கிறது, ஆம்பிளைக்கு 28 கிலோ, பொம்பிளைக்கு 18 கிலோவுக்குக் கீழ எண்டா குறைவு. அதை வீட்டில செய்ய ஏலாது. ஃபிசியோவிட்ட இருந்தா கேட்டுப் பாருங்கோ, இல்லாட்டி விட்டிடுங்கோ, மேல சொன்னதே காணும்.

3. கடுதாசி எல்லாத்தையும் ஒரு ஃபைலுக்க போடுங்கோ

இதில தான் நாங்க ஆகக் கூட அலைஞ்சது. திருகோணமலை மாவட்ட ஆஸ்பத்திரியில இருந்து மட்டக்களப்புக்கோ அனுராதபுரத்துக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினா, இஞ்ச மறந்து வச்ச ஒரு கடுதாசிக்காக ஒரு நாள் முழுக்கப் போயிடும்.

கிளினிக் கொப்பி, அடையாள அட்டையும் அதின்ட ரெண்டு போட்டோக்கொப்பியும், பழைய டயக்னோசிஸ் கார்ட் எல்லாம், சி.டி. ஸ்கேன் ஃபிலிமும் சீடியும் ரிப்போட்டும், ஈசீஜீ, எக்கோ, இரத்த ரிப்போட், குடிக்கிற குளிசையின்ட பேரும் அளவும் எழுதின ஒரு துண்டு, ஒவ்வாத மருந்து இருந்தா சிவப்புப் பேனையால அதின்ட பேர். நாட்டுமருந்து ஏதும் குடிச்சா அதையும் எழுதுங்கோ, ஒளிக்க வேண்டாம், சிலது இரத்தம் உறையிறதைக் குழப்பும்.

சி.டி. ஃபிலிமைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல வேணும். வயித்து ஸ்கேன்ல நாரி எலும்பு மூண்டாவது மட்டத்தில வெட்டின படம் ஒண்டு இருக்கும், உலகம் முழுக்க சதையை அளக்கிறதுக்கு அந்தப் படத்தைத் தான் எடுக்கினம். உங்கட ஆளுக்கு வயித்து ஸ்கேன் எடுத்திருந்தா படம் ஏற்கெனவே உங்கட கையில இருக்கு. ரிப்போட்டில சதையைப் பற்றி ஒரு வரியும் இராது, ஏனெண்டா கட்டியைப் பாக்கத் தான் எழுதிக் குடுத்தது. அதால ஃபிலிமை வளைக்காம, வெயில் படாம வச்சுக் கொண்டு போங்கோ. சதையைப் பாக்கிறதுக்கெண்டு தனியாரில புதுசா ஸ்கேன் எடுக்கப் போக வேண்டாம். காசும் வீண், கதிர்வீச்சும் வீண்.

4. டொக்டரிட்ட என்ன கேக்கிறது

கிளினிக்கில உங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூண்டு நிமிசம். கதை சொல்லத் தொடங்கினா முடிஞ்சிடும். அளந்ததை ஒரு துண்டில எழுதிக் குடுங்கோ. நான் எழுதிக் குடுத்தது இவ்வளவு தான்: "ஆறு மாசத்தில 68 இல இருந்து 61 கிலோ. கெண்டைக்கால் 29.5. ஐஞ்சு தரம் எழும்ப 19 செக்கன். முதல் ஒப்பரேஷனுக்குப் பிறகு நிமோனியா." அவர் அதை வாசிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சு அப்பாவை வடிவா ஒருக்காப் பாத்தவர். பிறகு தான் கதைச்சவர்.

கேக்க வேண்டிய கேள்வி: ஒப்பரேஷனுக்கு எத்தின கிழமை இருக்கு, அதுக்குள்ள சாப்பாடும் பயிற்சியும் செய்து தயார்ப்படுத்தலாமோ, சிறுநீரகம் எப்படி இருக்கு, புரதம் கூட்டினா பிரச்சினை இல்லையோ, போசாக்கு டொக்டரிட்டயோ ஃபிசியோவிட்டயோ எழுதி விடுவீங்களோ, மயக்க மருந்து டொக்டர் முதலே பாப்பாரோ.

கவனம், புற்றுநோய் எண்டா நீங்களா நாளைத் தள்ளிப் போடக் கூடாது. சரியான போசாக்குக் குறைவு எண்டா ஒண்டு ரெண்டு கிழமை சாப்பாடு குடுத்துப்போட்டு ஒப்பரேஷன் செய்யிறது நல்லம் எண்டு ஐரோப்பிய போசாக்குச் சங்கத்தின்ட வழிகாட்டலிலயே இருக்கு, ஆனா அது சேர்ஜன் எடுக்கிற முடிவு. நாலு தொடக்கம் ஆறு கிழமை கிடைச்சா திறம். ரெண்டு கிழமை தான் எண்டாலும் தொடங்குங்கோ. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது மாதிரி அவசரம் எண்டா ஒண்டும் யோசிக்காம ஒப்பரேஷனைச் செய்ய விடுங்கோ, கீழ 9 ஆவது படியில இருந்து தொடங்கலாம்.

5. சாப்பாடு: சோத்தைக் கூட்டுறது இல்ல, கறியைக் கூட்டுறது

எங்கட வீட்டில வருத்தக்காரருக்குக் குடுக்கிற சாப்பாட்டை யோசிச்சுப் பாருங்கோ. காலமை பிளேன் ரீயும் ரெண்டு பிஸ்கட்டும், பத்து மணிக்கு அரிசிக் கஞ்சி, மத்தியானம் குழைஞ்ச சோறும் சொதியும், இரவு பாணைத் தேத்தண்ணியில தோய்ச்சு. வயிறு நிறையும். புரதம் எண்டு பாத்தா ஒண்டும் இல்ல. அப்பாக்கு ரெண்டு மாசம் நாங்க அன்பாக் குடுத்தது இதைத் தான், அவர் மெலிய மெலிய இன்னும் கூடக் கஞ்சி.

ஒப்பரேஷனுக்குப் போற ஆளுக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 1.2 தொடக்கம் 1.5 கிராம் புரதம் எண்டு தான் சொல்லுறவை. 61 கிலோ எண்டா 73 இல இருந்து 92 கிராம் வரைக்கும். சிறுநீரக வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியேற்றினின் இரத்த ரிப்போட்டைக் காட்டி டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுத் தான் தொடங்க வேணும்.

நாங்க குடுத்தது: காலமை இடியப்பத்தோட முட்டை ரெண்டு, 12 கிராம். மத்தியானமும் இரவும் சேத்துச் சமைச்ச மீன் 150 கிராம் அளவில, 33 வரும். ஒரு கோப்பை பருப்பு, 13. பின்னேரம் ஒரு சின்னக் கிண்ணம் சட்டித் தயிர், 6. ரெண்டு தரம் பால்மா கரைச்சு, 8. சோறு இடியப்பத்தில இருந்து ஒரு 10. கூட்டிப் பாருங்கோ, 82. விசேசமா ஒண்டும் வாங்கேல்ல. மீன் திருக்கடலூரில இருந்து காலமை வாறவர் கொண்டு வருவார், பாரை விலை எண்டா சூடை, சாளை, அதுகும் இல்லாட்டி காய்ஞ்ச நெத்தலி. புரதத்துக்கு மீனின்ட விலை ஒண்டும் செய்யாது. பிரஷர், இருதய வருத்தம் இருந்தா நெத்தலியை ஊறவச்சு உப்பைக் கழுவுங்கோ. மச்சம் சாப்பிடாத ஆக்களுக்கு பருப்பு, பயறு, கடலை, சோயாமீற், தயிர், பால் எண்டு ஒவ்வொரு வேளையிலயும் ரெண்டு ஐற்றமாவது இருக்க வேணும், ஒரு வேளைக்கு மட்டும் குவிச்சுக் குடுத்துப் பிரயோசனம் குறைவு.

பசி இல்லாத ஆளுக்கு ஒரு தட்டு நிறையப் போட்டா பாத்த உடன முகத்தைத் திருப்புவார். சின்னத் தட்டில ஆறு தரம் குடுங்கோ. முதல் மீன், பிறகு சோறு. கஞ்சி தான் வேணும் எண்டு அடம் பிடிச்சா கஞ்சிக்குள்ள பயறும் பால்மாவும் போடுங்கோ, முட்டையை அடிச்சு ஊத்தி நல்லாக் கொதிக்க விடுங்கோ. நாள்கணக்கா ஒண்டும் சாப்பிடாம இருந்த ஆளுக்கு மட்டும் வீட்டில திடீரெண்டு நிறையக் குடுக்க வேண்டாம், இரத்தத்தில உப்புச் சத்துகள் குழம்பி ஆபத்தாகும், அப்படியான ஆளை டொக்டரின்ட மேற்பார்வையில தான் மெல்ல மெல்லக் கூட்ட வேணும்.

இனி கிரந்திக் கதை. மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, இறால் கிரந்தி, காயம் சீழ் வைக்கும் எண்டு வீட்டுக்கு வாற ஒவ்வொருத்தரும் சொல்லுவினம். எங்கட பெரியம்மா அன்பான மனுசி, அவவோட சண்டை பிடிக்க எனக்கு மனமில்ல. நான் அவவிட்டக் கேட்டது ஒண்டு தான், பிள்ளை பெத்த பொம்பிளைக்குப் பால்சுறா வறுத்துக் குடுக்கிறது நீங்க தானே பெரியம்மா, அவளுக்கும் காயம் தானே. கொஞ்ச நேரம் யோசிச்சவ. அடுத்த நாள் அவவே சுறா வாங்கிக் கொண்டு வந்து வறுத்துக் குடுத்தவ. சில ஆக்களுக்குச் சில சாப்பாடு உண்மையாவே ஒவ்வாது, கடிக்கும், தடிக்கும், அது வேற, அதைத் தவிருங்கோ. ஒண்டும் செய்யாத மீனையும் முட்டையையும் காயத்துக்குப் பயந்து நிப்பாட்ட வேண்டாம், காயம் ஆறுறதே அதால தான்.

6. உடம்பை அசைக்க வேணும், சாப்பாடு மட்டும் சதை ஆகாது

பெரிசா ஒண்டும் இல்ல. கதிரையால எழும்பி இருக்கிறது பத்துத் தரம், சுவரைப் பிடிச்சுக்கொண்டு குதியைத் தூக்கி இறக்கிறது பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூண்டு முறை. பிறகு நடை. எங்கட ஊர் வெயிலுக்கு காலமை ஆறு மணிக்கு முதல் இறங்க வேணும், இல்லாட்டி பின்னேரம் ஐஞ்சரைக்குப் பிறகு. அப்பாவை டச் பே பக்கம் கூட்டிக்கொண்டு போறனான், கடல் மணல்ல நடக்க விடுறேல்ல, கால் புதைஞ்சு விழுந்திடுவார், ரோட்டில தான். முதல் நாள் ரெண்டு லைட் போஸ்ட் தூரம், அங்க ஒரு கல்லில இருந்து மூச்சு வாங்கிட்டுத் திரும்பி வந்தவர். ஒவ்வொரு மூண்டு நாளைக்கும் ஒரு போஸ்ட் கூட்டினம். கதைச்சுக்கொண்டு நடக்க ஏலுமா இருக்க வேணும், கதைக்க ஏலாம மூச்சு முட்டினா வேகம் கூடிப் போச்சு. நெஞ்சு நோ, தலைசுத்து வந்தா நிப்பாட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ.

மூச்சுப் பயிற்சிக்கு மூண்டு பந்து போட்ட பிளாஸ்டிக் சாமான் ஒண்டு பாமசியில விக்கும். எல்லாரும் விடுற பிழை, அதை ஊதுறது. ஊதுறது இல்ல, உறிஞ்சுறது. உறிஞ்சிப் பந்தை மேல நிப்பாட்டி வச்சிருக்க வேணும். நாங்க ஒரு கிழமை ஊதிக்கொண்டு இருந்தம், ஃபிசியோ பிள்ளை பாத்துத் தான் திருத்தினவ. ஒப்பரேஷனுக்குப் பிறகு நோவோட புதுசாப் பழக ஏலாது, முதலே பழகினா கை தானாப் போகும்.

சிகரெட், பீடி குறைஞ்சது நாலு கிழமைக்கு முதல் நிப்பாட்ட வேணும். சாராயமும் அப்படித் தான், ஆனா நாளாந்தம் நிறையக் குடிக்கிற ஆள் சடுதியா விட்டா வலிப்பு வரலாம், டொக்டரிட்டச் சொல்லி விட வேணும்.

இதெல்லாம் செய்தா ஒண்டும் வராது எண்டு இல்ல. முதலே தயார்ப்படுத்தினா நடக்கிற பலம் கூடுது, சளி நிமோனியாப் பிரச்சினை குறையுது எண்டு சொல்லுற ஆய்வுகள் இருக்கு, மற்ற விசயங்கள்ல ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரிச் சொல்லேல்ல. எனக்கு அந்த ரெண்டே போதுமா இருந்தது.

7. காசுக் கணக்கு

அரசாங்க ஆஸ்பத்திரியில ஒப்பரேஷனுக்குக் காசு இல்ல. செலவு வாறது சுத்தி வர. தனியாரில சனல் பண்ணிப் பாத்தது ஒவ்வொரு தரமும் ரெண்டாயிரத்துக்கு மேல, வெளியில எடுத்த ரெண்டு இரத்தப் பரிசோதனை, வாகனம், துணைக்கு நிண்ட அண்ணாட நாட்கூலி போனது. டின்ல விக்கிற போசாக்கு மாவை எல்லாரும் வாங்கச் சொல்லுவினம், ஒரு டின் நாங்க வாங்கேக்க நாலாயிரத்துக்கு மேல. அந்தக் காசுக்கு அப்ப முட்டை நூறு அளவில வாங்கலாமா இருந்தது. வாயால சாப்பிட ஏலுமான ஆளுக்கு முட்டையும் மீனும் போதும், விழுங்கக் கஷ்டம், பசியே இல்ல எண்டா டொக்டர் சொன்ன மாவை வாங்குங்கோ.

தனியாரில செய்ய வேண்டி வந்தா, கையில காசு இல்லாட்டி, ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 இல இருந்து உங்கட பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்ல. ஒப்பரேஷன் முடிய விட்டுப் போகாம நாள் குடுத்த உடனயே போய் என்ன கடுதாசி வேணும் எண்டு கேளுங்கோ, கிராம சேவகரிட்ட, டொக்டரிட்ட எண்டு கையொப்பம் வாங்குற வேலை நாலைஞ்சு நாளைத் திண்டிடும்.

8. முதல் நாளும் அண்டைக்கும்

தூர ஆஸ்பத்திரி எண்டா இரவு பஸ்ஸில நித்திரை முழிச்சுக் கொண்டு போய் காலமை மறிக்க வேண்டாம். ஒரு நாள் முதலே போய் ஆரும் சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ.

பட்டினி இருக்கிறது தான் கனபேர் கவனிக்காத விசயம். இப்ப வழிகாட்டல்கள்ல சொல்லுறது, கட்டிச் சாப்பாட்டை மயக்கத்துக்கு ஆறு மணித்தியாலம் முதல் நிப்பாட்டினாப் போதும், தண்ணி, பால் போடாத தேத்தண்ணி மாதிரித் தெளிஞ்சதை ரெண்டு மணித்தியாலம் முதல் வரைக்கும் குடிக்கலாம். குடல் அடைப்பு, சீனி வருத்தம் இருக்கிற ஆக்களுக்கு இது மாறும், உங்கட வாட்டில சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ. ஆனா கேளுங்கோ, "எத்தின மணியில இருந்து சாப்பாடு இல்ல, எத்தின மணியில இருந்து தண்ணியும் இல்ல" எண்டு ரெண்டாப் பிரிச்சு. முதல் ஒப்பரேஷனுக்கு அப்பா இரவு எட்டு மணியில இருந்து பட்டினி, அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு இண்டைக்கு இல்ல எண்டு சொன்னவை, அடுத்த நாளும் அப்படியே. ரெண்டு நாள்ல அவர் சாப்பிட்டது ரெண்டு தரம். நாங்க வாயைத் திறந்து கேக்கேல்ல. தள்ளிப் போகுது எண்டு தெரிஞ்ச அந்த நிமிசமே மிஸ்ஸிட்டக் கேளுங்கோ, இப்ப சாப்பிடலாமோ எண்டு.

9. வாட்டில படுக்க விடாதேங்கோ

வருத்தமே இல்லாத வயசாளிகளைப் பத்து நாள் கட்டில்லயே வச்சுப் பாத்த ஒரு ஆய்வு 2007 இல வந்தது. ரெண்டு காலாலயும் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போயிருக்கு. காயத்தோட படுத்தா என்ன ஆகும் எண்டு யோசிச்சுக்கொள்ளுங்கோ.

டொக்டர் ஓம் எண்டு சொன்ன உடன, கன ஒப்பரேஷனுக்கு அடுத்த நாளே சொல்லுவினம், கட்டில் ஓரத்தில காலைத் தொங்கப்போட்டு இருத்துங்கோ, பிறகு கதிரையில, பிறகு கட்டிலைச் சுத்தி. சாப்பாட்டை எப்பவும் கதிரையில இருந்து தான். நோவைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம், நோ இருந்தா இருமவும் மாட்டார், நடக்கவும் மாட்டார், அதால நோ மருந்தைக் கேட்டு வாங்கி அரை மணித்தியாலத்தால எழுப்புங்கோ. இருமேக்க தலையணையை வயித்தில அணைச்சுப் பிடிக்கச் சொல்லுங்கோ, காயம் இழுக்காது. படுத்துக் கிடக்கேக்க பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுறதை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நினைவுபடுத்துங்கோ. சலைன் போகுது தானே, சாப்பாடு போகுது எண்டு நினைக்காதேங்கோ, சாதாரண சலைன்ல புரதம் கிடையாது. சாப்பிடத் தொடங்கலாம் எண்டு சொன்ன நாளை எழுதி வச்சு, அண்டையில இருந்து என்ன சாப்பிட்டவர் எண்டு கொப்பியில குறியுங்கோ. நாலைஞ்சு நாளா ஒண்டும் இறங்கேல்ல எண்டா அந்தக் கொப்பியைக் காட்டிக் கதைக்கலாம்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

துண்டு வெட்டேக்க டயக்னோசிஸ் கார்டை வாங்காம வெளிக்கிட வேண்டாம், அதை அண்டைக்கே ரெண்டு போட்டோக்கொப்பி எடுங்கோ. என்ன பாரம் தூக்கலாம், எப்ப தூக்கலாம் எண்டு கேளுங்கோ, வயித்து ஒப்பரேஷன் எண்டா ஆறு கிழமைக்குப் பாரம் தூக்க விடுறது குறைவு, ஆனா நடையை நிப்பாட்டச் சொல்லுறேல்ல. 5 ஆவது, 6 ஆவது படியில சொன்ன சாப்பாடும் நடையும் அப்படியே தொடர வேணும், சதை கிழமையில போனாலும் திரும்பி வாறது மாசக்கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலமை ஒருக்கா நிறையும் கெண்டைக்காலும் அளந்து எழுதுங்கோ. அப்பாக்கு 29.5 இல தொடங்கி ரெண்டாவது ஒப்பரேஷனுக்கு முதல் 31, இப்ப 32. மெதுவாத் தான் ஏறும், ஒரு கிழமையில ஒண்டும் மாறாது.

ஒரு கிழமையில கெண்டைக்கால் சடுதியா ஒண்டு ரெண்டு சென்ரிமீற்றர் கூடினா சந்தோசப்பட முதல் மற்றக் காலையும் அளவுங்கோ. ஒரு கால் மட்டும் பருத்து, சூடா, தொட்டா நோவா இருந்தா அது சதை இல்ல, உள்ளுக்க இரத்தம் கட்டியிருக்கலாம். தேய்க்க வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. அதோட மூச்சு வாங்குது, நெஞ்சு குத்துது எண்டா வாகனம் தேடி நிக்காம 1990 க்கு எடுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாம வரும், ஒப்பரேஷன் செய்து எத்தின நாள் எண்டதை ஃபோன்லயே சொல்லுங்கோ.